திருஷ்டி வாங்க வந்த மீன்

எங்கள் வீட்டைப் பார்த்து ஊரே பொறாமைப்படுகிறது என்பது என் கணவர் குடும்பத்தாரின் அசைக்க முடியாத நம்பிக்கை. வீடு இருப்பது கோவில்பதாகையில். பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டி, அரைகுறையாக மூடிவிட்டுப் போன தெரு. மழை பெய்தால் தண்ணீர் வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு இன்னும் கைப்பிடி வைத்தபாடில்லை. இதைப் பார்த்தும் ஒருவருக்கு வயிறு எரிகிறது என்றால் அவர் நல்ல டாக்டராகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு பாதுகாப்பு ஏற்பாடுகள் ஆரம்பமாயின. வாசலில் முழி பிதுங்கிய அரக்கன் முகம் எழுதிய பூசணிக்காய். நிலைப்படிக்கு மேலே கறுப்புக் கயிற்றில் கட்டிய படிகாரம். பக்கத்தில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும். என் கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். செய்து வரும் பாகங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ‘பாஸ்’ அல்லது ‘ரிஜெக்ட்’ சொல்கிற பிரிவு. வீட்டிலும் அதே பழக்கம்தான். இட்லியைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். பீரங்கி வண்டி செய்கிற ஊரில் இருந்துகொண்டு பூசணிக்காயை நம்புகிறீர்களே என்றேன்.

“அது வேற, இது வேற” என்றார்.

இத்தனை காவலையும் மீறி ஏதாவது ஒரு கண் உள்ளே நுழைந்துவிட்டால் அதைத் தடுக்க என் நாத்தனார் கொண்டு வந்து கொடுத்ததுதான் அந்த மீன். நாத்தனார் என் கணவருக்கு மூத்த அக்கா. வேலப்பன்சாவடியில் இருக்கிறார். கை தாராளம், மனசும் மோசமில்லை. ஆனால் அவர் வாயில் இருந்து வருவது எதுவும் யோசனையாக வராது, உத்தரவாகத்தான் வரும்.

“தம்பி, இது வாஸ்து மீன்டா. வாசலைப் பார்த்த மாதிரி வை. உள்ள வர்றவங்க பார்வை முதல்ல இது மேலதான் விழணும். கெட்டதெல்லாம் இதுவே வாங்கிக்கும்.”

கடையில் இதற்கு ஃபைட்டர் என்று பெயர். என் சுண்டுவிரல் நீளம் இருந்தது. உடம்பு அடர்நீலம், வால் சிவப்பு, பட்டுப்பாவாடை மாதிரி விரிந்த வால். உருண்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்தவன் வீட்டுப் பொறாமையை எல்லாம் விழுங்கத்தான் தன்னை இங்கே கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாசலைப் பார்த்த மாதிரி இருந்த ஒரே இடம் ஹாலில் இருந்த ஷோகேஸ். ஒரு டஜன் கண்ணாடி டம்ளரை இரண்டு டஜனாகக் காட்டுவதற்காகவே தச்சர் அதன் பின்பக்கம் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி பதித்துக் கொடுத்திருந்தார். மேல்தட்டில் வெள்ளை விளக்குப் பட்டை. காலையில் போட்டால் படுக்கப் போகும்போதுதான் அணைப்போம், வீட்டுக்கு லட்சணம் வேண்டுமே. அதன் நடுத்தட்டில், என் கணவரின் நீண்டகால சேவைக் கேடயத்துக்கும் மைசூர் சந்தன யானைக்கும் இடையில், மீன் குடியேறியது.

அன்றிலிருந்து அதற்கு ஓய்வில்லை. புது வீடு என்பதால் பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முன்பு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்த குடும்பங்கள் எல்லாம் முறை வைத்து வந்தன. வந்தவர்கள் டைல்ஸைப் பார்த்தார்கள், பூஜை அறையைப் பார்த்தார்கள், பிறகு ஷோகேஸுக்கு வந்து விரலால் கிண்ணத்தை டொக் டொக் என்று தட்டினார்கள். தட்டாமல் போனவர் ஒருவர்கூட இல்லை. ‘உயிரோடதானே இருக்கு?’ என்று ஒரு அம்மா கேட்டுக்கொண்டே தட்டினார். கதவைத் தட்டிக் கேட்கிற மாதிரி அதைத் தட்டிக் கேட்டால் பதில் சொல்லும் என்று நினைத்தாரோ என்னவோ. மீன் செவுளை விரித்துக்கொண்டு முறைத்தது. ‘கோவத்தைப் பாரேன்’ என்று எல்லோரும் ரசித்தார்கள்.

அது போதாதென்று என் கணவர் தினமும் காலையில் தண்ணீர் மாற்றினார். கொஞ்சநஞ்சம் இல்லை, முழுத் தண்ணீரும். மீனை டீ வடிகட்டியில் அள்ளி டம்ளரில் விட்டு, கிண்ணத்தைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுக் கழுவி, கேன் தண்ணீரை ஊற்றி, மீனைத் திரும்பக் கவிழ்ப்பார். சுத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தன்னை யாராவது தினமும் காலையில் குளியலறையோடு சேர்த்துக் கழுவி எடுத்தால் எப்படி இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கொஞ்ச நாளிலேயே மீன் சோர்ந்தது. நீலம் வெளுத்துச் சாம்பல் பூத்தது. பட்டுப்பாவாடை வால் ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் கிழிந்து, நார்நாராகத் தொங்கியது. கிண்ணத்தில் வேறு உயிர் கிடையாது, யார் கடித்தது என்று புரியவில்லை. போட்ட தீனி அப்படியே மிதந்தது. பெரும்பாலும் அடியில் கிடந்தது. மூச்சு வாங்க மட்டும் மேலே ஏறி, திரும்பவும் தொப்பென்று அடிக்குப் போனது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. சோறு எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கண் ஷோகேஸுக்கே போனது.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். பதறுவார் என்று நினைத்தேன். அவர் குரலில் திருவிழாக் களை.

“பாத்தியா? நான் சொன்னேன்ல. எவ கண்ணோ பட்டிருக்கு, அது வாங்கிக்கிச்சு. உங்களுக்கு வர வேண்டியது அதுக்குப் போயிடுச்சு. நல்லதும்மா.”

“சாகப் போற மாதிரி இருக்கு அண்ணி.”

“போனா போகட்டும். வேற வாங்கி வெச்சுக்கலாம்.”

அவர் வீட்டில் மீன்கள் செத்த கதையும் குடும்பக் கதையும் ஒன்றாகவே போகும். மகன் பைக்கில் இருந்து விழுந்து சிராய்ப்போடு தப்பித்தான், அன்றைக்கு ஒரு மீன் போனது. குத்தம்பாக்கத்தில் வாங்கிப் போட்ட மனைக்கு வில்லங்கம் வந்து விலகியது, அதற்கு ஒரு மீன். பஸ் நிலையம் வருகிறது, இனி அந்த மனை எங்கேயோ போகப் போகிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம் அந்த மீனுக்கும் ஒரு நன்றி சேர்ந்தே வரும். ஒரு மீன்கூட அங்கே நோய் வந்து சாகவில்லை. எல்லாமே வீரமரணம்.

என் கணவர் இன்னும் ஒருபடி மேலே போய் அதற்கு விஞ்ஞானம் சொன்னார். “வீட்டுல ஃபியூஸ் எதுக்கு இருக்கு? லோடு ஜாஸ்தியானா முதல்ல அது போயிடணும். போனாத்தான் ஃபேனும் ஃபிரிட்ஜும் தப்பிக்கும். ஃபியூஸ் போச்சேன்னு யாராவது உக்காந்து அழுவாங்களா? மாத்திட்டுப் போக வேண்டியதுதான்.”

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் குடும்பத்தில் ஃபியூஸ் யார் என்று எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த புதிதில் மாமனாருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனது, வந்தவள் நேரம் என்றார்கள். கொழுந்தனாருக்கு மஞ்சள் காமாலை வந்தது, வந்தவள் நேரம். குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகியதற்குக்கூட நான்தான் காரணம். அரசாங்கம் போட்ட கூரை, என் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு ஒழுகியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் அந்த மீனைச் சாக விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அதற்கு வந்திருப்பது நோய்தான், தியாகம் இல்லை என்பதை எப்படியாவது நிரூபிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன். மார்க்கெட் பக்கம் வண்ணமீன் கடை வைத்திருக்கும் பாயிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இன்னாக்கா, வாலு இப்டி கீது? டென்சன்ல கீது இது. அதுவே அது வாலைக் கடிச்சுக்கினு கீது.”

“எதுக்கு டென்ஷன்?”

“அது இன்னா நம்மகிட்ட வந்து சொல்லுமா? இந்தா, இந்த நீல மருந்து ரெண்டு சொட்டு வுடு. சரியாவலைன்னா இந்த மஞ்ச மருந்து வுடு. அப்பவும் சரியாவலைன்னா வாக்கா, நல்ல பீஸா வேற குடுக்கறேன்.”

எங்கே போனாலும் கடைசியில் இந்த ‘வேற’யில்தான் வந்து முடிகிறது. நீல மருந்தை வாங்கி வந்து விட்டேன். தண்ணீர் நீலமானது, மீன் சாம்பலாகவே இருந்தது. போனில் வீடியோக்கள் பார்த்தேன். ஒருவர் உப்புப் போடு என்றார், இன்னொருவர் உப்புப் போட்டால் தொலைந்தது என்றார். மூன்றாமவர் தன் சேனலுக்குச் சந்தா கட்டினால் சொல்கிறேன் என்றார்.

விடை சொன்னது மின்சார வாரியம். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒருநாள் காலையில் கரண்டை நிறுத்தினார்கள். அன்றைக்கு வானமும் மூடிக் கிடந்தது. ஃபேன் இல்லாத புழுக்கத்தில் ஹாலில் தரையில் படுத்துக் கிடந்தேன். ஷோகேஸ் விளக்கு எரியவில்லை, உள்ளே மங்கலாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் மீன் அடியில் இல்லை. நடுவில் நின்றது. வால் கொஞ்சம் விரிந்திருந்தது. மெல்ல எழுந்து போய் ஒரே ஒரு தீனி உருண்டையைப் போட்டேன். வந்தது, வாயில் கவ்வியது, துப்பியது, திரும்பவும் கவ்வி விழுங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

சாயங்காலம் பளிச்சென்று கரண்டு வந்தது. ஷோகேஸ் விளக்கு எரிந்தது. மீன் வெடுக்கென்று திரும்பி, செவுளை விரித்துக்கொண்டு, பின்பக்கத்தைப் பார்த்துப் பாய்ந்தது. நான் தலையைச் சாய்த்து அது பார்க்கிற திசையில் பார்த்தேன். அங்கே அதே மாதிரி இன்னொரு மீன் செவுளை விரித்துக்கொண்டு நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டம்ளரை இரட்டையாகக் காட்ட வைத்த கண்ணாடி மீனையும் இரட்டையாகக் காட்டியிருக்கிறது. இது சண்டைக்கென்றே பிறந்த ஜாதி, தன் இடத்தில் இன்னொன்றைப் பொறுக்காது. இவ்வளவு நாளும் காலையில் இருந்து படுக்கும் வரை, வெள்ளை விளக்கு வெளிச்சத்தில், போகவே போகாத ஒரு எதிரியோடு அது மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. எதிரி பின்வாங்கவில்லை என்றதும் ஆத்திரத்தில் தன் வாலையே கடித்திருக்கிறது. ஊர்க் கண், உறவுக் கண் எதுவும் அதை ஒன்றும் செய்யவில்லை. அதன் கண்ணேதான் அதற்குப் பட்டிருக்கிறது.

கணவர் வந்ததும் காட்டினேன். விளக்கைப் போட்டு, அணைத்து, போட்டு, அணைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மீன் பாய்ந்தது. இருபத்தைந்து வருஷமாக இரும்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற மனுஷர், தன் வீட்டு ஹாலில் ஆள் உயரக் கண்ணாடி இருப்பதைக் கண்டுபிடிக்கவில்லை.

“சரி, விளக்கை அணைச்சிடலாம்” என்றார்.

“பகல்லயும் கண்ணாடி கண்ணாடிதானே? பின் ரூமுக்கு மாத்திடலாம்.”

“அக்கா வாசலைப் பார்த்து வெக்கச் சொல்லியிருக்காங்க.”

“அப்ப அக்கா வந்து வாசலைப் பார்த்து உக்காரட்டும்.”

அவர் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

பின் அறையில் ஜன்னலை ஒட்டிய மேஜைக்கு மீனை மாற்றினேன். கிண்ணத்துக்குப் பதில் கொஞ்சம் பெரிய கண்ணாடித் தொட்டி. அதிலும் முகம் தெரிந்து தொலையப் போகிறதே என்று, மகள் பள்ளியில் படித்த காலத்தில் நோட்டுக்கு அட்டை போட்டு மிஞ்சிய பிரவுன் பேப்பரை மூன்று பக்கமும் வெளியே ஒட்டினேன். சோப்பை ஒளித்து வைத்தேன். குழாய்த் தண்ணீரை முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து ஆறவிட்டு, தொட்டியில் கொஞ்சம் மட்டும் எடுத்துக் கொஞ்சம் மட்டும் மாற்றினேன். கணவர் காலையில் வடிகட்டியோடு வந்து நின்றார். வேலை போன மாதிரி முகம். டீ வடிகட்டுங்கள் என்று அனுப்பி வைத்தேன்.

காய்ந்த பாதாம் இலையைத் தண்ணீரில் போட்டால் இந்த மீனுக்கு நல்லது என்று ஏறக்குறைய எல்லா வீடியோக்களிலும் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். பாயின் கடையில் அந்த இலையைப் பளபளப்பான கவரில் போட்டு, மேலே மீன் படம் ஒட்டி வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற பாதாம் மரத்தின் இலையைக் கல்யாணமான நாளில் இருந்து பெருக்கிப் பெருக்கி எனக்கு இடுப்பு விட்டுப்போயிருக்கிறது. கடையில் இருந்து நேராகப் பழைய குவார்ட்டர்ஸுக்குப் போய், உதிர்ந்து கிடந்ததில் நல்லதாக ஒரு பை பொறுக்கினேன். எதிர்வீட்டில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, சொந்த ஊடு கட்டிக்கினு போயும் குப்பை பொறுக்க இங்க வர்றே?”

“மருந்துக்கு” என்றேன். சாயங்காலத்துக்குள் எனக்குச் சர்க்கரை வியாதி என்று குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இலையைக் கழுவிப் போட்டதும் தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு வந்தது. கணவருக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை, அழுக்கு அழுக்கு என்று புலம்பினார். மீனுக்கு அது பிடித்திருந்தது. முதலில் இலைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. யாரும் தட்டவில்லை, யாரும் முறைக்கவில்லை. சில நாள் நானும் மதியம் அந்த அறையிலேயே சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேருக்கும் அது தேவையாக இருந்தது. அப்புறம் மெல்ல வெளியே வந்தது. தீனியைத் துப்பாமல் விழுங்கியது. கிழிந்த வாலின் ஓரத்தில் கண்ணாடித்தாள் மாதிரி நிறமில்லாத புதுச் சதை வளர்ந்தது. ஒருநாள் கணவர் டார்ச் அடித்து அதை உற்றுப் பார்த்துவிட்டு, “பாஸ்” என்று முணுமுணுத்தார். மீன் தெம்பாகி மேல்தண்ணீரில் பொடிப்பொடியாகக் குமிழி விட்டுக் கூடு கட்டியிருந்த அன்றைக்கு மகளுக்குப் படம் அனுப்பினேன். வெளியூர் விடுதியில் இருக்கிற அவள், ‘சோப்பு நுரையாம்மா?’ என்று கேட்டாள். அப்பா பெண் அல்லவா.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் கணவர் ஸ்கூட்டரோடு எங்கள் தெருப் பள்ளத்தில் விழுந்தார். முட்டியில் தோல் உரிந்தது, கணுக்கால் வீங்கியது. பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பள்ளத்தில் விழாதவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை, எங்களுக்குத்தான் தாமதம். ஆனால் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து இறங்கிய நாத்தனார், செருப்பைக் கழற்றும் முன்பே ஷோகேஸைப் பார்த்துவிட்டார். கேடயம் இருந்தது, யானை இருந்தது, நடுவில் காலி.

“மீன் எங்க?”

“பின்னாடி ரூம்ல அண்ணி. நல்லா ஆயிடுச்சு.”

“நல்லா ஆயிடுச்சா?” அவர் குரல் ஏறியது. “அது நல்லா ஆனதாலதான் இவன் விழுந்திருக்கான். அது வாங்க வேண்டியதை இவன் வாங்கிட்டு வந்து கட்டுப் போட்டு உக்காந்திருக்கான். உன்னை யாரு எடுக்கச் சொன்னது? முதல்ல கொண்டு வந்து பழைய இடத்துல வை.”

கணவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, பாவம்.

இத்தனை வருஷம் அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்த விளக்குக்கும் கண்ணாடிக்கும் அதைத் திரும்பக் கொண்டுபோய் விட்டால் இந்தத் தடவை பிழைக்காது என்று எனக்குத் தெரியும்.

“வைக்க மாட்டேன் அண்ணி. திருஷ்டி வாங்க ஒரு ஆள்தானே வேணும்? நான் போய் ஷோகேஸ்ல உக்காந்துக்கறேன். எனக்குப் பழக்கம்தான்.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, கல்யாணமாகி முதல்தடவையாக, “விடுக்கா, நான் பள்ளத்துல விழுந்தேன். அவ்வளவுதான்” என்றார்.

நாத்தனார் விறுவிறுவென்று பின் அறைக்குப் போனார். தொட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிடுவாரோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன். ஆனால் அவர் மேஜைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். ஜன்னல் வெயில் அந்தப் பழுப்புத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. நீலம், சிவப்பு, ஓரத்தில் புதிதாக வளர்ந்த வெள்ளி. ஆள் வந்தது தெரிந்து, தீனி கிடைக்குமென்று வாலை முழுசாக விரித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றது. அவர் வாங்கிய மீன்களில் இவ்வளவு நாள் இருந்தது இது ஒன்றுதான். ஒரு மீனை அவர் முகத்துக்கு நேராகப் பார்த்ததே அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

“அடியாத்தி” என்றார். “இவ்வளவு அழகா இருக்கே. வர்றவ போறவ கண்ணு பட்டா என்னத்துக்கு ஆகும்? போ, கல்லுப்பும் வரமிளகாயும் எடுத்துட்டு வா.”

எடுத்து வந்தேன். உப்பைத் தொட்டிக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்றேன். “எனக்குத் தெரியாதா?” என்று அதட்டினார். கையை மூடிக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தபடி, வலமிருந்து இடமாகத் தொட்டியைச் சுற்ற ஆரம்பித்தார்.

இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் உப்பு சுற்றிப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு, மருமகன்களுக்கு, புது ஸ்கூட்டருக்கு. எனக்கு மட்டும் யாரும் சுற்றியதில்லை. என் மேல் கண் பட்டால்தானே சுற்றுவதற்கு. நான் தொட்டியை ஒட்டித்தான் நின்றிருந்தேன். நகர்ந்துகொள் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கை தொட்டியைத் தாண்டி அகலமாக வந்து, என் தோளையும் சேர்த்துக்கொண்டு சுற்றியது. தெரிந்து செய்தாரா, இடம் போதாமல் செய்தாரா என்று நான் கேட்கவில்லை. அசையாமல் நின்றேன். மீன் தயவில் எனக்கும் திருஷ்டி கழிந்தது.